கடலில் கொட்டிய புளி

"இந்தக் கருப்பு சரக்கக் கொண்டும்போயி கடல்ல கொட்டு" என்று மண்டிக்காரர் விஜயராகவன் சொன்னபோது காலை எட்டே கால் மணி. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அப்போதுதான் கடைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மண்டி வாசலில் மூன்று மூட்டைப் புளி கிடந்தது. மூட்டைகளுக்குப் பக்கத்தில் வெள்ளச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சுபா, கடலு இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?"

கோபத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். நாற்பது வருஷப் பழக்கம் இருந்தும் அப்படி நினைத்தது என் தப்பு.

வெள்ளச்சிக்கு வெள்ளிமலையைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் உள்ளே ஊர். என் அப்பா கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது அஞ்சாவது வரை அவளும் நானும் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நான் கீழே இறங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்து, பரீட்சைக்குப் பரீட்சை பயந்து, கடைசியில் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. அவள் எட்டாவதோடு நின்று, மரவள்ளி போட்டு, சாமை போட்டு, வேடியப்பனைக் கட்டி, இலக்கியாவைப் பெற்று சேலத்தில் காலேஜில் சேர்த்துவிட்டாள். நான் ஒவ்வொரு லீவுக்கும் வந்து அவளிடம் ஏதாவது ஒரு முடிவுக்கு யோசனை கேட்பேன். அவள் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் ராத்திரி எனக்கு சென்னையில் விமானம். ஷார்ஜாவுக்குக் கொண்டுபோக ஒரு வள்ளம் சாமை தருகிறேன், மண்டிக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று வெள்ளச்சி சொல்லியிருந்தாள். வள்ளம் என்றால் மலையில் நாலு படி. சாமையை ஒரு மஞ்சள் பையிலும், அளக்கிற இரும்பு வள்ளத்தை அதற்குள்ளேயே கவிழ்த்தும் கொண்டுவந்திருந்தாள். பையை அப்படியே கொடுத்துவிட மாட்டாள். வாங்குகிறவர் கண் முன்னால் அளந்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டுத்தான் கொடுப்பாள். "மொதல்ல மண்டி வேல முடியட்டும், அப்புறம் அளக்கறேன்" என்று பையை என் கையில் திணித்திருந்தாள்.

மண்டி வேலைதான் முடியவில்லை.

விஷயம் இதுதான். மலையில் காட்டு வரப்புகளில் நிற்கிற புளியமரங்களை, காய் மரத்தில் இருக்கும்போதே மண்டிக்காரர்கள் வந்து பார்த்து மொத்தமாகக் குத்தகை பேசிவிடுவார்கள். அதன் பிறகு சொந்த மரத்தில் சொந்தக்காரர்களே கூலிக்கு ஏறி உலுக்க வேண்டும். போன வருஷம் வெள்ளச்சி இன்னும் எட்டு பெண்களைக் கூட்டி, மரத்தை விடாதீர்கள், நாமே உலுக்கி, நாமே ஓடு உடைத்துக் கொட்டை எடுத்து விற்போம் என்றாள். கேட்டார்கள். நல்ல சரக்கு வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து விலை இறங்கிவிட்டது. கொஞ்சம் பொறுப்போம் என்றாள். அதற்கும் கேட்டார்கள். பொறுத்துப் பொறுத்து, சில்லறையாக விற்றது போக மூன்று மூட்டை அவள் வீட்டு மூலையிலேயே கிடந்து ஒரு வருஷத்தில் கறுத்துவிட்டது. இப்போது மறுபடியும் மரத்தில் பழம் தொங்குகிறது.

"நான் எடுத்துக்கறேன், எடுக்கலன்னு சொல்லல" என்றார் விஜயராகவன். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். "இந்த வருஷம் ஒம்போது பேரு மரமும் எனக்குக் குத்தகை. இந்த மூணு மூட்டைய அதோட சேத்து எடுத்துக்கறேன். நாளைக்கிக் காலைல மேல வரேன். உங்க ஆளுங்க எல்லாரையும் உக்கார வெச்சிப் பேசிடுவோம்."

"மரம் இல்லீங்க. புளி மட்டும்தான்."

"இது புளியா? தார் மாதிரி இருக்குது. எந்த வூட்ல இத ரசத்துக்குக் கரைப்பாங்க?" என்று ஒரு உருண்டையை எடுத்து மூட்டை மேலேயே போட்டார். அப்போதுதான் அந்தக் கடல் பேச்சு வந்தது.

வாசலுக்கு வந்ததும் வெள்ளச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மூட்ட திரும்பி மேல போச்சின்னா நாளைக்கி எட்டு பேரும் அவருக்குத் தலைய ஆட்டிடுவாளுங்க. ஆட்டட்டும், நான் தப்பு சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் பொறுத்தவளுங்க. ஆனா அதுக்கப்புறம் என் பேச்ச எவ கேப்பா?"

"வேற மண்டி பாக்கலாமே?"

"எல்லா மண்டிக்கும் இந்நேரம் போன் போயிருக்கும். அவரு கடலுன்னாரு இல்ல? ரசத்துக்கு ஆவாதுன்னாரு இல்ல? கடலோரத்துல எவ ரசம் வெக்கறா? மீன் கொழம்புதான். மீன் கொழம்புக்குக் கருப்புப் புளி கெடச்சா விடுவாளுங்களா?" சொல்லும்போதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வண்டி வெச்சிருக்கிற இல்ல? கூப்டு."

அன்றைக்கு நான் பழனியின் ஆம்னி வேனை நாள் வாடகைக்குப் பிடித்திருந்தேன். ரிஷிவந்தியத்தில் சித்தி வீட்டில் மத்தியானச் சாப்பாடு, பிறகு பெட்டி கட்டுவது என்று நிமிஷக் கணக்கில் திட்டம் போட்டு வைத்திருந்தேன். பழனி கருணாபுரத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். வேனைத் தினம் இரண்டு முறை துடைப்பவர்.

"கடலுன்னா எந்தக் கடலு மேடம்? பாண்டிச்சேரியா?"

"மீனு காய வெக்கற எடமா பாரு தம்பி" என்றாள் வெள்ளச்சி.

"அப்ப பரங்கிப்பேட்ட. மூணு மணி நேரம்." மூட்டைகளைப் பார்த்தார். "போறப்ப புளி, சரி. வர்றப்ப இன்னா?"

"வர்றப்ப காலி வண்டி" என்றேன் நான். பழனி நம்பினார்.

சித்திக்குப் போன் செய்தேன். "கடலுக்கா? நாளைக்கி பிளைட்ட வெச்சிக்கினா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். எனக்கும் அதே கேள்விதான். வேன் தியாகதுருகம் தாண்டுவதற்குள் நான் செல்போனில் மூன்று முறை தூரம் பார்த்தேன். கரும்பு லாரிகளுக்குப் பின்னால் மாட்டும்போதெல்லாம் நேரம் பார்த்தேன்.

"அங்கயும் வாங்கலன்னா?"

"பக்கத்து ஊரு."

"அங்கயும் வாங்கலன்னா?"

"கடல்லயே கொட்டிடறேன். மண்டிக்காரர் பேச்சக் கேட்ட மாதிரியும் ஆச்சி."

"வேடியப்பன் அண்ணனுக்காவது ஒரு வார்த்த சொல்லலாம் இல்ல?"

"அவரு கேரளாவுல மொளகு பறிச்சிக்கினு இருக்காரு. மரத்து மேல ஏணியில நிக்கிற மனுசன எதுக்குப் பதற வெக்கணும்? எறங்குனப்புறம் சொல்லிக்கலாம்."

பழனி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். உளுந்தூர்பேட்டையில் டீ குடித்தோம். வெள்ளச்சி டீக்கடைக்காரரிடமும் ஒரு புளி உருண்டையைக் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னாள். அவர் டீயில் போடவா என்று கேட்டார்.

விருத்தாசலம் பாலத்தில் வேன் மெதுவாகப் போனபோது கீழே மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்தது. எனக்கு அப்பாவின் பூகோள வகுப்பு ஞாபகம் வந்தது. நம் மலைத் தண்ணீர் கோமுகி ஆறாக இறங்கி, மணிமுத்தாற்றில் சேர்ந்து, அது வெள்ளாற்றில் சேர்ந்து, வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேருகிறது. அதைச் சொன்னேன்.

வெள்ளச்சி பாலம் முடியும் வரை மணலைப் பார்த்தாள். "அப்ப நம்ம தண்ணி தெனம் அங்கதான் போவுதா?"

"மழைக்காலத்துல."

"அப்பன்னா நாம ஒண்ணும் தெரியாத ஊருக்குப் போகல" என்று சொல்லிவிட்டு சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். புவனகிரி வரும் வரை எழுந்திருக்கவில்லை. நான் அவளுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

பரங்கிப்பேட்டையில் பழனி இரண்டு இடத்தில் வழி கேட்டு, அன்னங்கோயில் பக்கம் மணல்மேட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினார். பழைய வலைகளை மணலில் விரித்து அதன் மேல் நெத்திலி காய வைத்திருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. அஞ்சாறு பெண்கள் தென்னந்துடைப்பத்தால் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். பெயர் செல்லியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"இன்னா மூட்ட அது?" என்றார், எங்களைப் பார்க்காமலேயே.

"புளிக்கா. மலப்புளி. கல்ராயன் மலையிலேர்ந்து வரோம்."

"புளிக்கு இங்க கட இல்லன்னு யாராவது சொன்னாங்களா?"

"கடப்புளி செவப்பா இருக்கும். இது ஒரு வருசத்துப் பழம்புளி." வெள்ளச்சி மூட்டையைப் பிரித்து ஓர் உருண்டையை நீட்டினாள்.

செல்லியம்மாள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைப் பிய்த்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கொட்ட கெடக்கும்."

"மூட்டைக்குள்ள கைய விடுங்க. ஒரு கொட்ட எடுத்துக் காட்டுங்க. மூட்டைய இங்கயே உட்டுட்டுப் போயிடறேன்."

எனக்குப் பக்கென்றது. ஒன்பது பெண்கள் எடுத்த கொட்டை. யாராவது ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் விட்டிருந்தால்? செல்லியம்மாள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். மற்ற பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். இரண்டாவது மூட்டையிலும் விட்டார். கையை வெளியே எடுத்து மடியில் துடைத்துக்கொண்டார்.

"கை வேல சுத்தம்தான்" என்றார், வேண்டாவெறுப்பாக. "இன்னா கேக்கற?"

வெள்ளச்சி தூங்கி எழுந்ததுமே அதை முடிவு செய்திருந்தாள் போலிருக்கிறது. "காசு வேணாக்கா. மேல சந்தையில இந்தக் கருவாட்ட யான வெல சொல்றான். நீங்க கருவாடே குடுங்க. அஞ்சி கிலோ புளிக்கு ஒரு வள்ளம் நெத்திலி."

துடைப்பங்கள் நின்றன.

"எவ்ளோ?"

"ஒரு வள்ளம்."

"அஞ்சி கிலோ புளிக்கு?"

"ஆமா. கோபுரமா கொட்ட வேணாம். தலை தட்டிக் குடுத்தாலே போதும்."

செல்லியம்மாள் திரும்பித் தன் மருமகளைக் கூப்பிட்டார். "ஏ அபிநயா, கேட்டியாடி! அஞ்சி கிலோ புளிக்கு ஒரு வள்ளம் நெத்திலியாம். அதுவும் தலை தட்டி!" பிறகு வெள்ளச்சியிடம், "இஞ்சினோட வேணுமா, இஞ்சின கழட்டிட்டுக் குடுக்கவா?"

"இஞ்சின் எதுக்கு? கையால அளந்தா போதாதா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லியம்மாள் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "இன்னாமா, நக்கலா? காலைலேர்ந்து வெயில்ல வெந்துக்கினு இருக்கறவங்க கிட்ட வந்து நக்கல் பண்றியா? எடு உன் மூட்டைய."

"ஒரு வள்ளத்துக்கா இந்தப் பேச்சு பேசறீங்க?" வெள்ளச்சிக்கும் ஏறிவிட்டது. "எங்க ஊர்ல ஒரு வள்ளம் சாமைய சும்மா தூக்கிக் குடுப்போம் தெரியுமா? இந்தா, இவளுக்குக் கூட ஒரு வள்ளம் கொண்டாந்துருக்கேன். கூலியா கேட்டேன்? பிரியமா குடுக்கறது!"

"ஒரு வள்ளம் சாம கொண்டாந்துருக்கியா? எங்க வெச்சிருக்கற, அந்த வேனுக்குள்ளயா?"

"பையில."

எல்லாரும் என் கையில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே பாஷைதான் பேசுகிறார்கள், ஆனால் எங்கேயோ இடிக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை. போய்விடலாம் என்று வெள்ளச்சியின் கையைப் பிடித்தேன். அவள் கையை உதறிவிட்டுப் பைக்குள் விட்டு, இரும்பு வள்ளத்தை வெளியே இழுத்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த சாமை மணலில் கொட்டியது.

"இந்த ஒரு வள்ளம்தான் கேட்டேன்! இது உங்களுக்குப் பெருசா?"

செல்லியம்மாள் அந்த அளவைப் பார்த்தார். வெள்ளச்சியைப் பார்த்தார். துடைப்பத்தை நீட்டி எங்களுக்குப் பின்னால் காட்டினார். முகத்துவாரக் கரையில் நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த ஒரு பைபர் படகு, பின்பக்கம் இஞ்சினோடு கவிழாமல் சாய்ந்து நின்றது.

"யம்மா, எங்க ஊர்ல அதுதான் வள்ளம்."

வெள்ளச்சி படகைப் பார்த்தாள். கையிலிருந்த வள்ளத்தைப் பார்த்தாள். மறுபடியும் படகைப் பார்த்தாள். "தலை தட்டி" என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்லியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அபிநயா ஓடிப்போய்ப் பக்கத்துக் கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டு, "அஞ்சி கிலோ புளி குடுத்து நம்ம வள்ளத்த ஓட்டிக்கினு போவ வந்துருக்காங்க!" என்றாள். பழனி வேனில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் செல்லியம்மாள் வள்ளத்தை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். "இந்த அளவுன்னா நாயமாத்தான் கேட்டுருக்க." உடனே உஷாராகிவிட்டார். "ஆனா கொழம்பு வெச்சிப் பாக்காம நான் புளி எடுக்க மாட்டேன். கொழம்புல கசந்தா ஒரு கிலோ கூட எறங்காது. சம்மதமா?"

"வெய்யிக்கா. நாங்களும் சாப்புடல."

மணி ஒன்று. மலைக்குக் கடைசி பஸ் கள்ளக்குறிச்சியில் ஆறரைக்கு. குழம்பு கொதிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிறகு பேச வேண்டும், மூன்று மணி நேரம் திரும்ப வேண்டும் என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். "உன் கணக்கு கொதிக்கிறதுக்குள்ள அவங்க கொழம்பு கொதிச்சிடும், வா" என்று வெள்ளச்சி என்னை இழுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போனாள்.

நாற்பத்தியாறு வயதில் அவள் அன்றுதான் முதல் முறையாகக் கடலைப் பார்க்கிறாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அலை வந்து காலை நனைத்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள்.

"நெறையத்தான் இருக்குது" என்றாள். "வெள்ளாமைக்கு ஆவாது."

அவ்வளவுதான். ஆனால் உடனே திரும்பவில்லை. கெண்டைக்கால் நனையும் வரைக்கும் இன்னும் நாலடி உள்ளே போய் நின்றாள். பெரிய அலை ஒன்று வந்தபோது நான் கத்தினேன். அவள் காலை அகட்டி வைத்துக்கொண்டாள், மலைச்சரிவில் சுமையோடு நிற்கிற மாதிரி. பிறகு மடியிலிருந்து ஒரு புளி உருண்டையை எடுத்துத் தூர எறிந்தாள்.

"அது எதுக்கு?"

"கொட்டுன்னு சொன்னாரே. கொட்டிட்டேன்னு பொய் சொல்ல வேணாம் பாரு."

செல்லியம்மாளின் வீட்டில் மத்தி மீன் குழம்பு. கூடத்தில் அவர் புருஷன் முனியன் தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்தவர். "கொழம்புக்குத் தீர்ப்பு எங்க வூட்ல இவருதான்" என்று செல்லியம்மாள் அவரை எழுப்பி உட்கார வைத்து, ஒன்றும் சொல்லாமல் தட்டைப் போட்டார். முனியன் அரைத் தூக்கத்தில் பிசைந்து ஒரு வாய் போட்டார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்தோம். வெள்ளச்சி தன் தட்டைத் தொடவில்லை. அன்று முழுக்க அவள் பயந்த மாதிரி நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். வலது கட்டைவிரலால் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

முனியன் இரண்டாவது வாயும் போட்டார். மூன்றாவதும் போட்டார். தண்ணீர் குடித்தார்.

"இன்னா, ஒண்ணும் சொல்லாம தின்னுக்கினு இருக்க?" என்றார் செல்லியம்மாள்.

"சட்டியில மீதி இருக்குதா?"

"இருக்குது."

"யாருக்கும் குடுக்காத. நாளைக்கிக் காலைல இன்னும் நல்லாருக்கும்." அப்போதுதான் எங்களைக் கவனித்தார். "இவங்க யாரு?"

"நம்ம வள்ளத்த வாங்க வந்தவங்க" என்றாள் அபிநயா. மறுபடியும் ஆரம்பித்துவிட்டது சிரிப்பு.

வெள்ளச்சி அதற்குப் பிறகு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. மலைக்காரி பழம்புளி கொண்டுவந்திருக்கிறாள் என்பதற்காகப் பாதிப் பேர், அந்தச் சின்ன வள்ளத்தைப் பார்க்கப் பாதிப் பேர் என்று வீட்டு வாசலில் கூட்டம். புளியைத் தராசில் போட்டு, கருவாட்டை வள்ளத்தில் அளந்து மாற்றிக்கொண்டார்கள். அளப்பது செல்லியம்மாள். தலை தட்டி அளந்துவிட்டு ஒவ்வொரு வள்ளத்துக்கும் மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.

"கோபுரம் கேக்கலக்கா" என்றாள் வெள்ளச்சி.

"கெடக்கட்டும். உங்க தண்ணி வருசா வருசம் இங்க சும்மாதானே வருது." வெள்ளச்சி சாப்பிடும்போது ஆற்றுக் கதையை அவரிடம் சொல்லியிருந்தாள், ஏதோ தன் காட்டிலிருந்து தானே திறந்துவிடுகிற மாதிரி.

ஒரு பெண் நெத்திலி இல்லை என்று வாளைக் கருவாடு கொண்டுவந்தார். முழ நீளம். வள்ளத்தில் நிற்க வைத்தால் வெளியே முக்கால் பாகம் நீட்டிக்கொண்டு நின்றது. "இத எப்பிடி தலை தட்டுவ?" என்று கேட்டுக் கைகொட்டிச் சிரித்தார்கள். கடைசியில் கண்ணளவில் முடிந்தது. மூன்று மூட்டைப் புளியும் இறங்கி, நாலு மூட்டைக் கருவாடு ஏறியது. ஒன்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு வள்ளம் வரும்.

"மீன்புடி தடக்காலம் முடிஞ்சி ஆனி மாசம் வா" என்றார் செல்லியம்மாள். "புதுப்புளி வாணாம். இதே கருப்பு. எத்தன மூட்ட இருந்தாலும் கொண்டா."

"இந்த வருசத்து மரத்துது அடுத்த ஆனிக்குத்தான் கருக்கும்க்கா."

"அப்ப அது வரைக்கும் நாங்க சும்மா இருக்கணுமா? ஊர்ல வேற யார் வூட்டு மூலையிலயும் கெடக்காதா?"

வெள்ளச்சி யோசித்தாள். "கெடக்கும். எங்க எட்டு பேருல பாப்பாத்தின்னு ஒருத்தி, அவ வூட்டுப் பரண்ல ரெண்டு மூட்ட கெடக்குது. வெளியில சொல்லல அவ."

வேனைப் பார்த்த பழனியின் முகத்தில் சிரிப்பு இல்லை. "மேடம், காலி வண்டின்னு சொன்னீங்க. நாளைக்கிப் பொண்ணழைப்பு சவாரி இருக்குது எனக்கு. பொண்ணு இதுல உக்காந்தா மாப்ள வூட்டுக்காரன் இன்னா நெனைப்பான்?"

"நல்ல ஊர்லேர்ந்து பொண்ணு வருதுன்னு நெனைப்பான்" என்றார் செல்லியம்மாள், அவர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துக்கொண்டே. "இது உன் வூட்டுக்கு. முன்னாடி சீட்ல வெச்சிக்க." பழனி வாங்கி மோந்து பார்த்துவிட்டு, முன்சீட்டுக்கு அடியில் பத்திரப்படுத்தினார். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நுழையும்போது மணி ஆறு இருபது. மலை பஸ் இஞ்சினைப் போட்டுவிட்டு நின்றது. மூட்டைகளைப் பார்த்ததும் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இத ஏத்த முடியாதும்மா. பஸ்ஸு பூரா நாறும்."

"எல்லாருக்கும் பசிக்கும், அவ்ளோதான். லக்கேஜ் போடு" என்றாள் வெள்ளச்சி, மூட்டையை ஏற்றிக்கொண்டே. ஏற்கனவே உட்கார்ந்திருந்த மலை ஆட்கள் இரண்டு பேர் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். நெத்திலியா வாளையா என்று கேட்டார்கள்.

மூட்டைகள் ஏறியதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "ஐயோ, உன் சாம!"

"பையோட குடு, வெள்ளச்சி. பஸ்ஸு கெளம்புது."

"இரு." பஸ் படிக்கட்டிலேயே குந்தி உட்கார்ந்தாள். வேனில் கிடந்த ஒரு பெரிய காகிதத்தை என்னை விரிக்கச் சொன்னாள். மஞ்சள் பையிலிருந்த சாமையை வள்ளத்தில் கொட்டி, கையால் தலை தட்டி, காகிதத்தில் சாய்த்தாள். மேலே ஒரு கை போட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். "நாலு படி அளக்கற நேரம் பொறுக்க மாட்டியாண்ணா? வளைவுல பொறுமையா போறவன்தானே நீ?" என்று அவரிடமும் ஒரு வார்த்தை விட்டாள். வள்ளத்தின் உள்பக்கமெல்லாம் நெத்திலி செதில் ஒட்டி மின்னிக்கொண்டிருந்தது. சாமையோடு அதுவும் என் பொட்டலத்துக்கு வந்தது.

பஸ் கிளம்பியபோது ஜன்னலிலிருந்து, "பாத்துப் போ. பிளைட்டுக்கு ரொம்ப முன்னாடியே போயி உக்காந்து பயந்துக்கினு இருக்காத" என்றாள்.

மறுநாள் சென்னை விமான நிலையத்தில் நாலு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்து, பெட்டியில் கருவாட்டு வாசனை வருகிறதா என்று பயந்துகொண்டிருந்தேன். வெள்ளச்சியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. பின்னால் கோழியும் பெண்கள் பேச்சும் கேட்டது.

"சுபா, போயிட்டியா? மண்டிக்காரரு காலைல பத்து மணிக்குக் காருல வந்தாரு. பேப்பரு பேனா எல்லாம் கொண்டாந்தாரு. நாங்க ஒம்போது பேரும் உக்காந்துதான் இருந்தோம், வரலன்னு சொல்லிடக் கூடாது பாரு. எல்லா வூட்லயும் கருவாட்டுக் கொழம்பு கொதிச்சிக்கினு இருந்துச்சி. காருலேர்ந்து எறங்கறப்பவே மூக்கத் தூக்கிட்டாரு. அப்புறம் என்னப் பாத்து, இன்னாம்மா, புளியக் கடல்ல கொட்டிட்டியான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிப்பாங்கன்னு நெனச்சிருப்பாரு போல."

இங்கே அவள் நிறுத்தினாள். யாரோ பக்கத்திலிருந்து, "சொல்லு சொல்லு" என்றார்கள். பாப்பாத்தியாக இருக்கும்.

"கொட்டிட்டேனுங்களேன்னு சொன்னேன். மீனாத் திரும்பி வந்துடுச்சி, உக்காருங்க, ஒரு வாய் சாப்டுட்டுப் போங்கன்னேன். சாப்டாரு சுபா, ரெண்டு தரம் கொழம்பு வாங்குனாரு. பேப்பர எடுக்கவே இல்ல."